1463-இன் வடக்குப் பக்கம்

முதலில் கரும்பச்சை.
மூக்கில் சிவப்பு நட்சத்திரம், ஐந்து திருகாணி.
நான் வேலைக்குச் சேர்ந்த அன்று
அந்தத் திருகாணிகளைத்தான் கழற்றச் சொன்னார்கள்.
நான்கு சுழன்று வந்தன.
ஐந்தாவதை உளியால் வெட்டினோம்.

பிறகு சிவப்பு, வெள்ளைப் பட்டையோடு.
பிறகு கம்பெனி கைமாறியது:
நீலம்.
அந்த நீலத்தின் குறியீட்டு எண் இன்றும் எனக்கு மனப்பாடம்,
மகனின் போன் நம்பரைப் பார்த்துத்தான் அழுத்துகிறேன்.
பனிக்காலத்தில் அது காயவே காயாது.
பணிமனைக் கதவைச் சாத்தி
நாலு ஹீட்டரை மூட்டி
ஹெல்துர் பக்கத்திலேயே பாய் விரிப்பான்,
காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல.

முப்பத்தொரு எஞ்சின்கள்.
ஒவ்வொன்றுக்கும் உப்புத்தாள், பட்டி, பிரைமர், இரண்டு கோட்டு.
முப்பத்தொன்றாவது முடியும்போது
முதலாவது வெளுத்திருக்கும்.
மொத்தமும் ஒரே நிறத்தில் நின்று
நான் பார்த்ததே இல்லை.
முதலாளிகளின் காலண்டரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள வண்டி அது.
திருப்பவே வேண்டாம்.
எண்ணெய்க்கல் ஏற்றிக்கொண்டு நார்வா பக்கம் போகும்,
காலியானதும் வந்த வழியே பின்னால் நடக்கும்.
வடக்குப் பக்கம் என்றைக்கும் வடக்குதான்.

அந்த மார்ச்சில்
1463-இன் வடக்குப் பக்கத்தை மஞ்சளாக்கி முடித்தோம்.
இன்னொரு முதலாளியின் மஞ்சள்,
முட்டைக்கருவில் துரு விழுந்த மாதிரி.
தெற்குப் பக்கத்துக்கு டப்பாவைத் திறக்கும்போது
போன் வந்தது.
விற்றுவிட்டார்களாம்.
யாருக்கு என்று தெரியவில்லை,
பெயின்டை நிறுத்து.

பெயின்டை நிறுத்தலாம்.
மின்நிலையத்துக்குப் பசிக்கிறதே.
மறுநாள் காலை அப்படியே கிளம்பியது வண்டி.

ஏழு வாரம்.
தடத்துக்கு வடக்கே, ராவா ஊரில்,
மஞ்சள் எஞ்சின் வந்தாயிற்று என்றார்கள், எஸ்தோனிய மொழியில்.
தெற்கே, சுரங்கக் குடியிருப்பில்,
நமக்கு மட்டும் பழைய நீலம்தானா என்றார்கள், ரஷ்ய மொழியில்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே கடை.
ரொட்டி வரிசையில் குரல் உயர்ந்தது.
யாரும் கேட்டைத் தாண்டி நின்று பார்க்கவில்லை.

இதற்கிடையில்
வில்மா தாமின் பசு லெவல் கிராசிங்கில் அடிபட்டது.
சாட்சி இரண்டு.
மஞ்சள் என்று சத்தியம் செய்தார் தபால்காரர்.
நீலம், என் கண்ணில் என்ன பூவா விழுந்திருக்கிறது
என்றாள் தெற்குக் கேட்டில் நின்ற லூபோவ்.
தாலின்னிலிருந்து வந்த அதிகாரி
இரண்டையும் ஒழுங்காக எழுதிக்கொண்டு,
ஒரே தடத்தில் ஒரே நிமிடத்தில்
இரு வண்டிகள் செல்ல இயலாது,
ஆகவே பசு மோதப்படவில்லை
என்று முடித்தார்.

ஹெல்துர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
எனக்கு வரவில்லை.
பூசியது நான்,
மெழுகியது அவர்கள்.

ஒரு டப்பா மூடியை எடுத்தேன்.
முன்னால் மஞ்சள், பின்னால் நீலம்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு
மூன்று மணி நேரம்.
அவர் மேசைமேல் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.
மஞ்சள் இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

அந்தத் தேதியில் நம் அதிகாரபூர்வ நிறம் என்ன, ரைஸா,
என்றார், துடைக்கத் தாள் தேடியபடி.

ஒன்றுமில்லை, என்றேன்.

வில்மாவுக்குப் பாதிப் பணம் வந்தது.
எந்தப் பக்கத்துக்கு என்று கடிதத்தில் இல்லை.

மே மாதம் சாம்பல் டப்பாக்கள் இறங்கின.
மலிவு. சீக்கிரம் காய்கிறது.
ராவாவுக்கும் குடியிருப்புக்கும் இப்போது ஒரே குறை.
ஓட்டுநர் மத்வெய்க்கு இதில் எதுவும் இல்லை.
உள்ளே உட்கார்ந்தால் கண்ணாடி, தண்டவாளம்,
என் வண்டி என்ன நிறம் என்று
ஊரைத்தான் கேட்கவேண்டும் என்கிறான்.

எண்ணை மட்டும் பழைய ஸ்டென்சிலில் அடித்தோம்.
தெற்குப் பக்கத்தில், படிக்கட்டின் அடியில்,
உள்ளங்கை அகலத்துக்கு
தூரிகை எட்டாத இடம் ஒன்று உண்டு.
எட்டவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நின்றால் தெரியாது அந்த நீலம்.
பசுவின் உயரத்துக்குத் தெரியும்.